முதல் கெட்டில்பெல் எத்தனை கிலோ வாங்குவது?

கெட்டில்பெல் என்பது மேலே கைப்பிடி வைத்த கனமான உருண்டை. அதை வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "என் உடம்புக்கு எத்தனை கிலோ சரி?" என்றுதான். எந்தப் பயிற்சிக்கு எத்தனை கிலோ என்று கேட்டால்தான் உருப்படியான விடை வரும். இரண்டு கையாலும் ஸ்விங் செய்ய, அதாவது கால்களுக்கு நடுவிலிருந்து இடுப்பு விசையால் பெல்லை முன்னே வீச, 24 கிலோ தேவைப்படும் அதே ஆள், ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கும் பிரஸ்ஸில் 16 கிலோவிலேயே திணறலாம். ஸ்விங்கில் வேலை பார்ப்பவை புட்டமும் பின்தொடையும். உடம்பின் பெரிய தசைகள். பிரஸ்ஸில் பெரும்பாரம் ஒரு தோள்பட்டை மீதும், முழங்கையை நீட்டும் தசை மீதும் விழுகிறது. இரண்டுக்கும் ஒரே எடை பொருந்தாது.

ரஷ்யாவில் 'பூட்' என்றொரு பழைய எடை அளவு இருந்தது. ஒரு பூட் 16.38 கிலோ. இன்று கடையில் பார்க்கும் 16, 24, 32 கிலோ எல்லாம் ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் கணக்கில் வந்தவை. இவற்றுக்குக் கீழேயும் இடையிலுமாக 12, 20, 28 என மற்றவையும் சேர்ந்து, நான்கு கிலோ இடைவெளியில் கிடைக்கின்றன.

எடைப் பயிற்சி பழக்கமே இல்லாத, ஆரோக்கியமான ஆண் 16 கிலோவில் தொடங்கலாம். ஜிம்மில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) செய்து பழகியவர் என்றால் ஸ்விங்குக்கு 24, பிரஸ்ஸுக்கு 16. பெண்களுக்கு ஸ்விங்குக்கு 12, பிரஸ்ஸுக்கு 8. ஏற்கெனவே எடை தூக்கிப் பழகிய பெண்ணுக்கு முறையே 16, 12. பெண் என்றதும் 3 கிலோ, 4 கிலோ வினைல் உருண்டையை எடுத்து நீட்டும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். 10 கிலோ அரிசிப் பையை மாடிக்குத் தூக்கிப் போகிறவரின் இடுப்புக்கு அந்த 4 கிலோவால் ஒரு பயனும் இல்லை.

பயன் இல்லாதது மட்டுமல்ல, கெடுதலும் உண்டு. பெல் மிக லேசாக இருந்தால் கையாலேயே தூக்கிவிடலாம். இடுப்பை மடக்கி வெடுக்கென்று நிமிர வேண்டிய அவசியமே வராது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுந்து, தோளால் பெல்லை முன்னே தூக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு எடையைக் கூட்டும்போது அதே பழக்கம் தோளையும் கீழ்முதுகையும் பதம் பார்க்கும்.

விசை கையிலிருந்து வருகிறதா, இடுப்பிலிருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு சின்னத் துண்டைக் கைப்பிடிக்குள் விட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் யாரும் இல்லாத இடத்தில் நிதானமாக ஸ்விங் செய்யுங்கள். பெல் மேலே வரும்போது கை, துண்டு, பெல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நின்றால் விசை இடுப்பிலிருந்து வருகிறது. துண்டின் முனையில் பெல் தொங்கினால் கை தூக்குகிறது என்று பொருள். அதற்கு மேலும் இடுப்பு மடங்க மறுத்தால், அடுத்த எடையை எடுத்துப் பாருங்கள். பலருக்கு 12-இல் வராத ஸ்விங் 16-இல் தானாக வந்துவிடும்.

எடை அதிகம் என்பதும் உடனே தெரியும். பத்து ரெப் (பத்து முறை) முடிவதற்குள் முதுகு கூன் போடும். பெல் கீழே வரும்போது ஆளை முன்பாதத்துக்கு இழுக்கும். மேலே போகும்போது பெல் தொப்புள் உயரம்கூட வராது. இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பெல்லைக் கீழே வைத்துவிட வேண்டும்.

பிரஸ்ஸுக்கு அளவுகோல் இன்னும் கறாரானது. முழங்காலை மடக்கி உந்தாமல், பின்னால் சாயாமல், ஒரு கையால் 5 முதல் 8 முறை தலைக்கு மேல் நேராகத் தூக்க முடிகிற எடைதான் உங்கள் பயிற்சி எடை. பலம் குறைந்த கையைக் கொண்டு முடிவு செய்யுங்கள். 3 முறைக்கு மேல் போகவில்லை என்றால் அந்த எடைக்கு இன்னும் காலம் இருக்கிறது. 12 முறை தாண்டினால் பலத்துக்குப் போதாது. டர்கிஷ் கெட்-அப் என்பது ஒரு கையில் எடையை மேலே நீட்டிப் பிடித்தபடி படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்பது. அதை முதலில் மடக்கிய முஷ்டியின் மேல் ஒரு செருப்பை வைத்து, அது விழாமல் எழப் பழகிவிட்டு, பிறகு பிரஸ் எடைக்கு வரலாம். பெல்லை மார்போடு பிடித்து உட்கார்ந்து எழும் கோப்ளட் ஸ்குவாட்டுக்கு ஸ்விங் எடையே போதும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஸ்விங் எடையை வாங்குங்கள். மேலுடம்புக்குத் தண்டால் இருக்கிறது. இடுப்புக்கு அப்படி லேசில் மாற்றுக் கிடைக்காது.

அடுத்த எடைக்கு ஏறும்போதுதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நான்கு கிலோ என்பது எல்லா இடத்திலும் ஒரே ஏற்றம் இல்லை. 8-இலிருந்து 12 போவது 50 சதவீதம். 12-இலிருந்து 16 போவது 33. 20-இலிருந்து 24 வெறும் 20. பிரஸ்ஸில் 8-ஐ எட்டு முறை தூக்குகிறவருக்கு 12 ஒருமுறைகூட நகராமல் நிற்பது இதனால்தான். அந்த இடத்தில் 10 கிலோ பெல் ஒன்று கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஸ்விங்கில் படிப்படியாக மாற்றலாம். பத்து ரெப் கொண்ட பத்து செட் (சுற்று) செய்கிறீர்கள் என்றால், முதல் வாரம் இரண்டு செட் மட்டும் புது எடையில்; முதுகு கூன் போடாமல் நின்றால் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டிரண்டாகக் கூட்டலாம். கனமான செட்டுகளை நடுவில் வையுங்கள், களைத்துப்போன கடைசியில் வைக்காதீர்கள்.

எடையைப் போலவே வடிவத்தையும் பார்த்து வாங்க வேண்டும். போட்டி வகை எஃகு பெல்கள் 8 கிலோவானாலும் 32 கிலோவானாலும் ஒரே அளவில் இருக்கும், நிறம்தான் மாறும்: 16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு. ஒரு கைப் பயிற்சிகளுக்கு அவை அருமை. ஆனால் கைப்பிடி குறுகலாக இருப்பதால் இரண்டு கை ஸ்விங்கில் விரல்கள் நெருக்கியடிக்கும். வீட்டில் ஸ்விங்கை முதன்மையாகச் செய்யப்போகிறவருக்கு வார்ப்பிரும்பே நல்லது. அதில் எடை கூடக் கூடக் கைப்பிடியும் தடிக்கும் என்பதால், சிறிய கை உள்ளவர்களுக்கு இடுப்பு களைப்பதற்கு முன் பிடி தளர்ந்துவிடும். சிமென்ட் அடைத்த பிளாஸ்டிக் பெல்லை ஒதுக்கிவிடுங்கள்: அதே எடைக்கு உருண்டை பெரிதாகி, ஸ்விங்கில் தொடையில் இடிக்கும்.

கடையில் கைப்பிடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வார்ப்பு அச்சின் விளிம்பு கோடாகத் தட்டுப்பட்டால் நூறு ஸ்விங்கில் உள்ளங்கைத் தோலைக் கிழித்துவிடும். லேசான விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம், ஆழமானதை வாங்காதீர்கள். தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. இணையத்தில் வாங்கினால் எண்ணுக்குப் பின்னால் கிலோவா பவுண்டா என்று கவனியுங்கள்: 35 பவுண்டு என்பது 16 கிலோ, 53 பவுண்டு 24 கிலோ. வியர்வையில் பிடி வழுக்கினால் ஜிம்மில் பயன்படுத்தும் மெக்னீசியம் கார்பனேட் தூள் (சாக்) தடவலாம். முகப்பவுடர் வேண்டவே வேண்டாம், அது இன்னும் வழுக்கும்.