2,83,000 கிலோமீட்டர் ஓடிய புரோபாக்ஸ்

மழை தொடங்குவதற்குள் வண்டிக்கு எண்ணெய் மாற்றிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். போன ஞாயிறோடு அந்த வேலை முடிந்தது. எங்கள் பெரியவர்கள் சிரியம் என்று சொல்லும் தன்லியினிலிருந்து பாலம் தாண்டி ரங்கூன் சந்தைக்குத் தினமும் காய்கறி மூட்டையோடு போய்வரும் டொயோட்டா புரோபாக்ஸ். ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த வண்டி. மீட்டரில் 2,83,000 கிலோமீட்டர்.

முன்பெல்லாம் ஒர்க்‌ஷாப்பில்தான் விடுவேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓரிடத்தில் பிரேக் எண்ணெய் மாற்றியதாகப் பணம் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால், டப்பாவில் அதே பழைய எண்ணெய், கடுந்தேநீர் நிறத்தில். மூடிமேல் இருந்த தூசிகூடக் கலையவில்லை. பிள்ளைகளை ஏற்றிப்போகிற வண்டி! அன்றைக்கு வந்த கோபத்தில்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

என்ஜின் எண்ணெய் சுலபம். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, தேக்குப் பலகைமேல் ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு ஸ்டாண்டும் கொடுத்த பிறகுதான் அடியில் போவேன். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் படுக்காதீர்கள். 14 நம்பர் ஸ்பேனரில் போல்ட்டைக் கழற்றினால் வடிந்துவிடும். ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேலேயே புது ஃபில்டரைப் போட்டால், ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் பீய்ச்சியடிக்கும். இந்த 1500 சிசி என்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3.7 லிட்டர்.

வடிந்த எண்ணெயில் இரண்டு சொட்டை விரலிடுக்கில் தேய்த்து வெயிலில் பார்ப்பேன். தாத்தா சிரியம் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர். அவர் சொல்லித் தந்தது. கறுப்பு நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். மினுமினுவென்று உலோகத் துகள் தெரிந்தாலோ, பால் கலந்தமாதிரி இருந்தாலோதான் பயப்பட வேண்டும். இந்தத் தடவை வெறும் கறுப்புதான். மனசு நிறைந்தது. மற்றவர் கையில் கொடுத்தால் இதைப் பார்க்கவே முடியாது.

கியர் எண்ணெய் வேறு கதை. ஆட்டோமேட்டிக் கியரில் போல்ட்டைக் கழற்றினால் பாதிகூட வராது. மிச்சம், என்ஜின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் நிற்கும். அதனால் வந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, சில வாரம் ஓட்டி, மறுபடி வடித்தேன். மூன்றாவது தடவையில் பழுப்பு போய்ச் சிவப்பு வந்தது. எந்த ரகம் என்று டிப்ஸ்டிக்கிலேயே பொறித்திருக்கும். வேறு ரகத்தை ஊற்றாதீர்கள்.

நான் ரொம்பக் கவனிப்பது பிரேக் எண்ணெயைத்தான். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். எங்கள் ஊரில் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை ஈரம்தான். டாட் 3 என்ற ரக பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக்கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கணக்கு 140தான். மூட்டையோடு சரிவில் இறங்கும்போது அழுத்தி அழுத்திப் பிரேக் பிடித்தால் உள்ளே ஆவி கட்டி, பெடல் தரைக்குப் போய்விடும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம்.

பழைய பிரேக் எண்ணெயை ஒவ்வொரு சக்கரமாக வெளியேற்ற வேண்டும். பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம். வீடியோக்களில் பின்பக்க வலது சக்கரம் என்பார்கள்; அது இடது ஸ்டியரிங் வண்டிக்கு. 1970இல் பர்மா வலப்பக்கச் சாலைக்கு மாறினாலும், எங்கள் ஜப்பான் வண்டிக்கு ஸ்டியரிங் வலதில்தான். ஆகவே பின்பக்க இடதில் தொடங்கினேன்.

வீட்டுக்காரி உள்ளே உட்கார்ந்தாள்.

"மிதி."

"மிதிச்சாச்சுங்க."

"அப்படியே பிடி, விடாதே."

சக்கரத்தருகே எண்ணெய் வெளியேறும் நிப்பிளைத் தளர்த்தினேன். அதில் மாட்டிய குழாயில் கறுப்பு வந்தது.

"என்னங்க, பெடல் கீழே போகுது!"

"போகட்டும், காலை எடுக்காதே." நிப்பிளை இறுக்கிய பிறகுதான், "சரி, விடு." அதற்கு முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். டப்பாவும் காலியாகக்கூடாது, அதைப் பார்த்துப் பார்த்து நிரப்பியது மகன். நான்கு சக்கரத்திலும் தேன்நிறத் தெளிவு வரும்வரை செய்தோம். பெயிண்டில் சிந்திய ஒரு சொட்டை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்; விட்டால் பெயிண்டை அரித்துவிடும்.

பழைய எண்ணெயைச் சாக்கடையில் விட்டால் ஆற்றுக்குத்தான் போகும். என்ஜின் எண்ணெயை ஜெர்ரிகேனில் பிடித்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பர்மியப் பையன், "ஊலே (மாமா), எனக்குத் தாங்க" என்று வாங்கிக்கொண்டான். கறையான் பிடிக்காமலிருக்க மரத்தூணில் பூசுவதற்கு.

ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தேன். விடிகாலை நாலு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. முருங்கைக்காய்க் கட்டுகளை ஏற்றினோம்.