சிமெண்டை உரிக்க ஏழு மாதம்

இங்கிலாந்தின் சஃபோக்கில் நாங்கள் வாங்கிய பழைய பண்ணை வீட்டின் வெளிச்சுவரில் இருந்த சிமெண்ட் பூச்சை உரித்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டியிருந்தது. அதற்கு அனுமதி வாங்கவே ஏழு மாதம் ஓடிவிட்டது.

பாதுகாக்கப்பட வேண்டிய பழைய கட்டடங்களின் அரசுப் பட்டியலில், கிரேடு 2 என்ற வகையில் வீடு இருக்கிறது. இங்கிலாந்தில் பட்டியலில் உள்ள கட்டடங்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இந்த வகைதான் என்பதால் நானும் கொஞ்சம் அலட்சியமாக இருந்துவிட்டேன். அனுமதியில்லாமல் வீட்டின் தன்மையை மாற்றினால் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கிரிமினல் குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த கோளாறுக்கும் இப்போது இருப்பவர் வீட்டுக்கு நோட்டீஸ் வரலாம், அதற்குக் காலக்கெடுவும் கிடையாது.

உள்ளூர் கவுன்சிலுக்கு அனுப்பும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் ஏன் இந்த வேலை என்று விளக்கும் அறிக்கை வேண்டும். "17ஆம் நூற்றாண்டு வீடு, சுவரில் ஈரம்" என்று நானே ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன், திரும்பி வந்தது. முடிவு சொல்ல 8 வாரம் என்கிறார்களே, அந்தக் கணக்கு விண்ணப்பம் முழுமையாக இருக்கிறது என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொடங்கும்.

சரி என்று, பழைய மரச்சட்ட வீடுகள் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை, நேராகப் பரணில் ஏறி டார்ச் அடித்தார். கூரை மரமெல்லாம் கரி. சிம்னியே இல்லாத காலத்தில் கூடத்தின் நடுவில் தரையில் அடுப்பு எரிந்திருக்கிறது, மேல்தளமும் கிடையாது, புகை நேரே கூரைக்குப் போயிருக்கிறது. செங்கல் சிம்னியும் மாடியும் பிற்பாடு நுழைத்தவையாம். ஆக விற்பனை விளம்பரம் சொன்ன 17ஆம் நூற்றாண்டை விட வீடு பழையது! ஓக் சட்டங்களின் மூட்டுகளில் எதோடு எது சேரும் என்று தச்சர்கள் கீறிய ரோமன் எண்கள் கூட அப்படியே இருந்தன, நாலுக்கு நாலு கோடு.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். ஓக் சட்டங்களுக்கு நடுவே குச்சி பின்னி, வைக்கோல் கலந்த மண் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசிய சுவர் இது. மழையை உறிஞ்சினாலும் காய்ந்துவிடும். சிமெண்ட் அப்படியில்லை, விரிசல் வழியே உள்ளே போன தண்ணீரை வெளியே விடாது. வாங்கும்போது வீட்டைச் சோதித்தவர் ஈரத்தைத் தடுக்கச் சுவருக்குள் ரசாயன ஊசி போடச் சொல்லியிருந்தார், நல்லவேளை போடவில்லை.

பழைய கட்டடங்களைக் கவனிக்கும் கவுன்சிலின் கன்சர்வேஷன் அதிகாரி முதலில் ஒரு சதுர மீட்டர் மட்டும் திறந்து பார்க்க ஒத்துக்கொண்டார். அடியில் படுத்திருந்த ஓக் கட்டையைக் கரண்டியால் வழிக்கலாம், அவ்வளவு மக்கியிருந்தது. அந்தப் போட்டோக்களைச் சேர்த்துத் திரும்ப அனுப்பினேன், நவம்பரில் அனுமதி வந்தது: மக்கிய பகுதியை மட்டும் வெட்டிப் புது ஓக்கை ஒட்டுப் போட வேண்டும், சாந்தின் மாதிரியைக் காட்ட வேண்டும். பழுதுபார்ப்பு என்பதால் 20 சதவீத வாட் வரி வேறு.

நவம்பரில் அனுமதி வந்து என்ன பயன், பனி உறையும் நாட்களில் சுண்ணாம்பு பிடிக்காது. குளிர்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்குள் இருந்தோம், ஏப்ரலில்தான் முதல் பூச்சு. இப்போது நிறத்துக்கும் ஒப்புதல் வேண்டும் என்று பின்சுவரில் மூன்று விதமான இளஞ்சிவப்பைத் தடவி வைத்திருக்கிறோம், வியாழக்கிழமை பார்க்க வருகிறார்கள். எனக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.