பாரியும் எங்கள் தமிழ் வகுப்பும்

உயர்தர வகுப்பில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த டீச்சர், பாரியைப் பற்றி வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக எழுதப்பட்டவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவந்து தந்தார். "ஆள் ஒருவன்தான். யார், யாருக்கு, எதற்காகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள் பிள்ளைகள்" என்றார்.

சிறுபாணாற்றுப்படையில் பாரிக்குச் சில அடிகள்தான். முல்லைக்குத் தேர் கொடுத்தவன், அவ்வளவே. அந்தப் பாட்டின் தலைவன் நல்லியக்கோடன் என்ற வேறொரு அரசன். பாரி உள்ளிட்ட வள்ளல்கள் எழுவர் சுமந்த ஈகையை அவன் தனியே தாங்குகிறான் என்று காட்டத்தான் பாரி வருகிறான். சுந்தரர் தேவாரத்தில் இன்னும் சுருங்கி, "கொடுக்கிலாதானைப் பாரியே என்று கூறினும் கொடுப்பார் இலை" என்று வெறும் பெயராகிவிடுகிறான். மனிதரை விட்டுப் புகலூர் இறைவனைப் பாட வாருங்கள் என்று புலவரை அழைக்கும் பதிகத்துக்கு அது போதும்.

புலவர் கபிலர் பாரியின் கூடவே இருந்தவர். அவனுடைய பறம்பு மலையை வளைத்துக் கிடந்த மூவேந்தருக்கு அவர் சொல்லும் புறநானூற்று 109ஆம் பாட்டு, உழாமலே விளையும் மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று பறம்பின் கையிருப்பை எண்ணிக் காட்டுகிறது. உள்ளே பட்டினி வராது, வாளால் முடியாது. ஆடிப் பாடி வந்தால் நாட்டையும் குன்றையும் சேர்த்தே தருவான் என்கிறார். பகைவரிடம் பேசும் பாட்டு என்பதால்தான் இத்தனை விவரம்.

பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய 112ஆம் பாட்டு ஐந்தே அடி. பாரியின் பெயரோ பறம்பின் பெயரோ அதில் கிடையாது. அற்றைத் திங்களில் தந்தை இருந்தார், குன்றும் எங்களுடையது. இற்றைத் திங்களில் இரண்டும் போயின. "வென்றெறி முரசின் வேந்தர்" என்ற இடத்தில் டீச்சர் நிறுத்தினார். தகப்பனைக் கொன்றவர்களுக்கு ஒரு வசைச் சொல்கூட இல்லாமல், வெற்றி முரசை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கச் சொன்னார். வரலாறு தேடுபவருக்கு இதில் அதிகம் அகப்படாது. எனக்கோ அந்தத் தாளில் இருந்தவற்றுள் இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை.

வகுப்பு இரண்டுபட்டது கல்வெட்டில்தான். திருக்கோவலூர் வீரட்டானம் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, பாரி மகளைத் திருக்கோவலூர் அரசன் மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. புறநானூற்று 236ஆம் பாட்டின் பழைய குறிப்போ, மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்த்துவிட்டு வடக்கிருந்தார், அதாவது வடக்கு நோக்கி உண்ணாதிருந்து உயிர்விட்டார் என்கிறது. கல்லில் வெட்டியது பிழையாகாது என்றது ஒரு பக்கம். பாட்டுக்குப் பல நூற்றாண்டு பிந்திய கல்தானே என்றது மறுபக்கம். டீச்சர் தீர்ப்புச் சொல்லவில்லை. இராசராசனின் தாயார் மலையமான் குலத்தவர் என்பதை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு எங்களைத் தொடர்ந்து வாதாட விட்டார்.

பிறகு ஒரு பயிற்சி தந்தார்: மூவேந்தர் படையில் நின்ற ஒருவன் வீட்டுக்கு அனுப்பும் ஓலையாக இதே முற்றுகையை எழுத வேண்டும். அந்தக் கொப்பிகளை வகுப்புத் தோழர் யாராவது வைத்திருந்தால் மலர்க் குழுவுக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த மலரில் அவற்றை 109ஆம் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்து அச்சிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.