காப்புரிமை மேசைக் குறிப்புகள்

2025 செப்டம்பர் 1

பொறியியல் முடித்துவிட்டுக் காப்புரிமைத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "சட்டம் படிக்கணுமா?" என்பதுதான். பேட்டன்ட் ஏஜென்ட், அதாவது மற்றவர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதி நடத்துபவர் ஆவதற்குத் தேவையில்லை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமையும் 21 வயதும் வேண்டும். அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் ஆகியவற்றில் ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். அதன்பிறகு விண்ணப்பம் எழுதலாம், கிண்டி அலுவலகத்தில் கன்ட்ரோலர் (விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கும் அதிகாரி) முன்னால் விசாரணைக்குப் போகலாம்.

நீதிமன்றத்தில் வழக்காட மட்டும் சட்டப் பட்டமும் பார் கவுன்சில் பதிவும் வேண்டும். 2021இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டதிலிருந்து கன்ட்ரோலரின் ஆணையை எதிர்க்கும் மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றத்துக்கே போகின்றன. அதனால் சட்டப் பட்டத்தின் மதிப்பு கூடியிருக்கிறது. ஆனாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் விண்ணப்பம் எழுதிக் கை பழகிய பிறகு சட்டம் படிக்கப் போவதே நல்லது.

செப்டம்பர் 3

தேர்வுக் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. முதல் தாள் 100, இரண்டாம் தாள் 100, நேர்முகம் 50. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 50 எடுக்க வேண்டும். மொத்தத்தில் 60 சதவீதம், அதாவது 250க்கு 150 வர வேண்டும். இரண்டு தாளிலும் ஐம்பது ஐம்பதாக எடுத்து வந்தவர் நேர்முகத்தில் 50க்கு 50 வாங்கினால்தான் தேற முடியும்! எழுத்துத் தாள்களில் 120க்கு மேல் குறிவையுங்கள்.

விழுவது பெரும்பாலும் விண்ணப்பம் எழுதச் சொல்லும் இரண்டாம் தாளில்தான். பிரிவுகளை மனப்பாடம் செய்தவர்கள் ஒரு கிளைம்கூட (எதற்குப் பாதுகாப்பு கேட்கிறோம் என்று எல்லை போடும் வாசகம்) எழுதிப் பார்க்காமல் போய் உட்காருகிறார்கள். வாரத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: குக்கர் விசில், குடைக் கம்பி, டிபன் கேரியர் கொக்கி, எதுவானாலும் சரி. அதற்கு ஒரு தனிக் கிளைமும் (தானாகவே முழுதாக நிற்பது) நான்கு சார்புக் கிளைமும் (அதை ஒட்டிக் கூடுதல் விவரம் சேர்ப்பது) கையால் எழுதுங்கள். தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். அறிவிப்பு வந்த பிறகு படிக்கத் தொடங்கினால் நேரம் போதாது.

செப்டம்பர் 5

இன்று கிளைம் மட்டும். இந்தத் தொழிலின் உயிரே அந்தப் பக்கம்தான்.

போர்வெல் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் வற்றினால் பம்பின் சுமை குறையும், மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் இறங்கும். சுற்றிலும் தண்ணீர் இல்லாததால் வைண்டிங் சூடாகும், பேரிங் தேயும். மின்னோட்டம் இறங்குவதைக் கண்டு மோட்டாரை நிறுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் நம் கண்டுபிடிப்பு என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வந்தவர் இப்படி எழுதுவார்: "ஹால் எஃபெக்ட் சென்சார், 8 பிட் மைக்ரோகன்ட்ரோலர், 30 ஆம்பியர் ரிலே கொண்டு, மின்னோட்டம் 4 ஆம்பியருக்குக் கீழே 5 விநாடி இருந்தால் நிறுத்தும் கருவி."

போட்டியாளர் சென்சாருக்குப் பதில் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் போடுவார். ரிலேவுக்குப் பதில் கான்டாக்டர். அவ்வளவுதான், சொல்லுக்குச் சொல் பார்த்தால் கிளைமுக்கு வெளியே போய்விடுவார். சரி என்று "மின்னோட்டத்தை அளந்து மோட்டாரை நிறுத்தும் கருவி" என்று விரித்தால், அது பல ஆண்டுகளாகக் கடையில் கிடைக்கும் டிரை ரன் ரிலே. புதுமை போய்விடும்.

எனவே, புதிது எது என்று கண்டுபிடித்தவரைக் குடைந்து கேட்க வேண்டும். அந்தக் கிணற்றில் தண்ணீரோடு ஓடியபோது பதிந்த மின்னோட்டத்தையே அளவுகோலாக வைத்து, மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது பெட்டி தானே அதைத் திருத்திக்கொள்கிறது என்று அவர் சொன்னால், தனிக் கிளைம் அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். சென்சார் வகை, விநாடிக் கணக்கு, மறுபடி ஓட விடும் இடைவெளி எல்லாம் சார்புக் கிளைம்களுக்குப் போகட்டும். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கும். அங்கே "கம்ப்ரைசிங்" என்றால் வேறு பாகங்கள் சேர்ந்தாலும் கிளைம் பிடிக்கும், "கன்சிஸ்டிங் ஆஃப்" என்றால் சொன்ன பாகங்களோடு கதவு மூடிவிடும்.

அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்ற நினைப்பே கூடாது. 59ஆம் பிரிவு கிளைமைச் சுருக்க விடும், விரிக்க விடாது. விவரக்குறிப்பில் (கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் ஆவணம்) இல்லாததைப் புதிதாக நுழைக்கவும் விடாது. கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தும் செய்யலாம் என்ற ஒரு பத்தி முதல் நாளே உள்ளே இருக்க வேண்டும்.

கட்டணம்: 30 பக்கம், 10 கிளைம் வரை அடிப்படைக் கட்டணத்தில் அடங்கும். மின்வழித் தாக்கலில் அதற்கு மேல் ஒவ்வொரு கிளைமுக்கும் தனிநபருக்கு 320 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 1,600.

செப்டம்பர் 9

படிக்க வேண்டிய வழக்கு: பஜாஜ், டிவிஎஸ். டிவிஎஸ்ஸின் 125 சிசி ஃபிளேம் வண்டியின் இரட்டை ஸ்பார்க் பிளக் பற்றியது. தன் இன்ஜினில் மூன்று வால்வு, பஜாஜின் காப்புரிமை இரண்டு வால்வுக்கு என்பது டிவிஎஸ் வாதங்களில் ஒன்று. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது. இரண்டு தீர்ப்பையும் கிளைமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரே வாசகத்தை இரண்டு பெஞ்சும் எப்படி வாசித்தன என்பதைக் கவனித்தால் போதும்.

செப்டம்பர் 11

மென்பொருள் சம்பந்தப்பட்ட கோப்பு என்றால் பரிசோதகரின் முதல் அறிக்கையில் பிரிவு 3(கே) ஆட்சேபம் அநேகமாக வந்துவிடும்: கணினி நிரல் அதனளவில் காப்புரிமைக்கு உரியதல்ல. "எங்கள் அல்காரிதம் வேகமானது" என்று பதில் எழுதினால் ஆட்சேபத்தை நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும். எந்தச் சிக்னல் உள்ளே வருகிறது, எந்தப் பாகம் அதனால் மாறி நடக்கிறது, இயந்திரத்துக்கு என்ன நேர்கிறது என்று எழுத வேண்டும். போர்வெல் பெட்டியில் பதில் தெளிவு: அளந்த மின்னோட்டம் உள்ளே வருகிறது, மோட்டாருக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது, வைண்டிங் எரியாமல் தப்புகிறது. 2019இல் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தொழில்நுட்ப விளைவைப் பார்க்கச் சொன்னது. அந்த விளைவுக்கான அளவீடு விவரக்குறிப்பில் இல்லாவிட்டால் பதிலில் காட்ட எதுவும் இருக்காது.

செப்டம்பர் 15

தேதிகள். தற்காலிக விவரக்குறிப்பு போட்டால் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் தாக்கல் செய்ய வேண்டுமானால், இங்கே தாக்கல் செய்து 6 வாரம் கழிய வேண்டும், இல்லையேல் 39ஆம் பிரிவு அனுமதி வாங்க வேண்டும். முதல் அறிக்கைக்குப் பதில் 6 மாதத்துக்குள். நீட்டிப்பு கேட்டுப் படிவம் 4 கொடுத்தால் இன்னும் 3 மாதம்.

அதிகம் சறுக்குவது பரிசோதனைக் கோரிக்கையில், அதாவது விண்ணப்பத்தைப் பரிசோதியுங்கள் என்று அலுவலகத்தைக் கேட்கும் படிவம் 18இல். 2024 மார்ச் 15க்கு முன் தாக்கலானவற்றுக்கு 48 மாதம், அதன்பின் வந்தவற்றுக்கு 31 மாதம். கணக்கு முன்னுரிமைத் தேதியிலிருந்து (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் எங்கேயாவது விண்ணப்பித்த தேதி) ஓடும், இந்தியாவில் தாக்கலான தேதியிலிருந்து அல்ல. பிசிடி (பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சர்வதேச விண்ணப்பம் போடும் ஒப்பந்தம்) வழியில் 31ஆம் மாதக் கடைசியில் இந்தியாவுக்குள் வரும் கோப்புக்குப் படிவம் 18ஐயும் அன்றே போட்டாக வேண்டும். விட்டால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும். கோப்பு வந்த அன்றே முன்னுரிமைத் தேதியை மேலட்டையில் சிவப்பு மையில் எழுதி, தேதிகளை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட்ட பிறகே பதிவேட்டில் ஏற்றுங்கள்.