வளர்ப்பு மகனின் கோயில்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கிற ஐலா தீவுக்கு நான் போனதே ஒரு பெயருக்காகத்தான். கில்டால்டன், அங்கே உள்ள ஒரு பழைய கோயிலின் பெயர். கேலிக் மொழியில் 'கில்' என்றால் கோயில், 'டால்டா' என்றால் வளர்ப்புப் பிள்ளை. சிலுவையடியில் ஆண்டவர் தம் தாயை ஒப்படைத்தாரே, அந்த யோவானைத்தான் இந்தப் பெயர் குறிக்கிறது என்பார்கள். என்னை வளர்த்து ஆளாக்கியவர் என் பெரியம்மா. அவருக்காக அங்கே ஒரு செபமாலை சொல்ல வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

போர்ட் எல்லன் துறையில் இறங்கிக் கிழக்கே போனால் லஃப்ரோய்க், லாகவூலின், ஆர்ட்பெக் என்று வரிசையாக மூன்று விஸ்கி ஆலைகள். கூட்டமெல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறது. அப்புறம் ஒரே ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் பாதை.

கோயிலுக்குக் கூரை கிடையாது. 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ கட்டியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியோடு வழிபாடு நின்றுபோனது. சுவர்கள் மட்டும் அசையாமல் நிற்கின்றன. உள்ளேயும் வெளியேயும் இடைக்காலக் கல்லறைப் பலகைகள். ஒன்றில் கவசம் அணிந்த வீரன், முகமெல்லாம் மழையில் கரைந்து நிற்கிறான்.

ஆனால் கண் போய் நிற்பது வெளியே உள்ள சிலுவையில்தான். 8ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செதுக்கியது. இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரம், முழுவதும் ஒரே கல். கோயில் கட்டுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே செபம் நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்! 1560இல் மதச் சீர்திருத்தம் வந்து, ஸ்காட்லாந்தில் எத்தனையோ சிலுவைகள் உடைபட்டன. இது தப்பியது.

சிலுவையின் ஒரு கையில் காயீன் தன் தம்பி ஆபேலைக் கொல்கிறான். மறு கையில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகிறார். கைகளை இணைக்கிற கல் வட்டத்துக்குக் கீழே, தண்டின் மேற்பகுதியில், மாதா. இரு பக்கமும் வானதூதர்கள் குனிந்திருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். முகங்கள் தேய்ந்துவிட்டன, வெளிறிய பாசி படர்ந்திருக்கிறது. மடியும், மடியில் பிள்ளையும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பெரியம்மா மடியில் படுத்துத்தான் நான் மங்கள வார்த்தை செபம் கற்றுக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை, செபமாலையில் துயர மறைபொருள்கள்: ஆண்டவரின் பாடுகளை ஐந்து பகுதிகளாகத் தியானித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து மங்கள வார்த்தை செபம் சொல்வது. சிலுவையடியில் நின்று பெரியம்மாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஆரம்பித்தேன். சாரல் விழுந்தது, பரவாயில்லை. நான்கு பத்து முடிந்ததும் சுற்றுச்சுவருக்கு வெளியே போனேன். அங்கே இரும்புக் கம்பி வேலிக்குள் தனியாக ஒரு சின்னச் சிலுவை. திருடனின் சிலுவை என்று அதற்குப் பெயர்.

ஐந்தாவது பத்து, ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்டதைத் தியானிக்கிற பத்து. அதை அந்த வேலிக்கு முன்னால் நின்று சொல்லி முடித்தேன்.