ரெகுலேட்டர் வைத்த லாங்ஆர்ம் இயந்திரத்துக்குக் கை பழகிய நான்கு மாதங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எங்கள் வீட்டு நிலவறையில், ஆறு ஆண்டுகளாக ஒரு பழைய லாங்ஆர்ம் இயந்திரத்தில் குயில்ட் என்கிற அடுக்குத்துணிப் போர்வை தைத்துவந்தேன். அழகாக ஒட்டுப்போட்டுத் தைத்த மேல்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சுவிரிப்பு, கீழே அடித்துணி என மூன்று அடுக்குகளையும் நீண்ட உருளைகளுக்கிடையே விரித்து, துணியை அசைக்காமல் இயந்திரத்தையே தண்டவாளத்தின் மேல் நகர்த்தித் தைப்பதுதான் இந்த இயந்திரத்தின் முறை. அந்தப் பழைய இயந்திரத்தில், தையலின் நீளத்தைச் சீராக வைக்கும் ஸ்டிச் ரெகுலேட்டர் கிடையாது. ஒரு குமிழைத் திருகி மோட்டாரின் வேகத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்தாற்போல் கையை நகர்த்த வேண்டும். கை விரைந்தால் தையல் நீளும், தயங்கினால் ஒரே இடத்தில் நூல் குவியும். சென்ற குளிர்காலத்தில் அதை விற்றுவிட்டு, 20 அங்குலக் கழுத்தும் (ஊசிக்கும் இயந்திரத்தின் பின்தண்டுக்கும் இடையிலுள்ள இடம்) துணி விரிக்கும் 10 அடி பிரேமும் கொண்ட, ரெகுலேட்டர் வைத்த புதிய இயந்திரம் வாங்கினேன். இனித் தையல் தானாகவே சீராக விழும் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு பணம் கொடுத்தேன். நம்பிக்கை பலிப்பதற்கு நான்கு மாதங்கள் ஆயின.

ரெகுலேட்டர் என்ன செய்கிறது என்பதை நான் புரிந்துகொண்டது அம்மாவின் கால்மிதி இயந்திரத்தை நினைத்துப் பார்த்தபோதுதான். அதில் எவ்வளவு வேகமாக மிதித்தாலும் தையலின் நீளம் மாறாது, ஏனென்றால் ஊசிக்குக் கீழே இருக்கும் பல் ஒவ்வொரு குத்துக்கும் துணியை ஒரே அளவுதான் தள்ளும். லாங்ஆர்மில் அந்தப் பல் இல்லை. நகர்த்துவது முழுக்க நம் கை. ஆகவே இயந்திரத்தின் சக்கரங்களோடு என்கோடர் என்ற உணரிகளைப் பொருத்தி, ஒன்று இடவலமாகவும் மற்றொன்று முன்பின்னாகவும் இயந்திரம் நகரும் தூரத்தை அளக்க, அங்குலத்துக்கு 10 தையல் என்று நாம் சொல்லியிருந்தால் ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்கும் ஒரு முறை ஊசி இறங்குகிறது. இழந்த பல்லைக் கணக்கின் வழியாகத் திருப்பித் தருகிறார்கள், அவ்வளவுதான். தையலின் நீளத்தைத் தவிர வேறு எதையும் அது பார்த்துக்கொள்வதில்லை என்பது எனக்கு உறைக்கப் பல வாரங்கள் பிடித்தன.

முதல் இடறல் காதில் ஏற்பட்டது. பழைய இயந்திரத்தில் மோட்டாரின் ஒலி மாறாமல் ஒரே சுருதியில் இருக்கும். அந்தச் சுருதிக்குக் கையை இசைத்துக்கொள்வதுதான் ஆறு ஆண்டுகளில் நான் கற்ற வித்தை. புதியதில் கை விரைந்தால் ஒலி ஏறுகிறது, கை தளர்ந்தால் ஒலியும் தளர்கிறது. என் கை மோட்டாரைக் கேட்டுக் காத்திருக்க, மோட்டார் என் கையைப் பார்த்துக் காத்திருக்க, வளைவுகள் எல்லாம் திக்கித் திக்கி விழுந்தன. ஒரு பழைய காடாத்துணியையும் மிச்சமிருந்த பேட்டிங் துண்டுகளையும் ஏற்றி, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, நாள்தோறும் அரை மணி நேரம் வெறும் சுழிகளாகப் போட்டபின்தான் கை மோட்டாரை மறந்தது.

எங்கள் இயந்திரத்தில் ரெகுலேட்டர் இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்றில், கை நின்றால் ஊசியும் நின்றுவிடும். மற்றொன்றில், கை நின்றாலும் நாம் வைத்த குறைந்தபட்ச வேகத்தில் ஊசி தைத்துக்கொண்டே இருக்கும். கூர்மையான முனைகளுக்கும் அக்ரிலிக் அளவுகோலை வைத்துப் போடும் நேர்கோடுகளுக்கும் முதலாவது பொருந்துகிறது; இறகு, இலை, சுழி போன்ற ஓட்டமான வடிவங்களுக்கு இரண்டாவதுதான் எனக்கு வசதி, ஆனால் அதில் முனையில் நின்று யோசித்தால் நூல் முடிச்சாகிவிடும். முதலாவது முறையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஊசி அசையாமல் நிற்பதால் இயந்திரம் அணைந்திருக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. உண்மையில் முழங்கை தெரியாமல் இடித்தால்கூட ஊசி இறங்கும். நூல் கோக்கும்போது ஒரு முறை என் விரலுக்கும் ஊசிக்கும் நூலிழைதான் இடைவெளி இருந்தது. அன்றிலிருந்து பொத்தானை அழுத்தித் தையலை நிறுத்தாமல் ஊசிக்கருகே கையைக் கொண்டுபோவதில்லை.

மூன்றாவது வாரத்தில், மேலும் கீழுமாகப் போன தையல்கள் சீராக இருக்க, இடவலமாகப் போனவை மட்டும் ஆங்காங்கே நீண்டிருப்பதைக் கவனித்தேன். விற்ற கடையில் கேட்டதற்கு, நான் மிக வேகமாக நகர்த்துகிறேன், பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். அதை நம்பி இரண்டு வாரங்கள் என் கையையே குறை சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் துணியில் 5 அங்குலக் கோடுகளை நெடுக்காகவும் குறுக்காகவும் வரைந்து, ஒவ்வொன்றையும் மெதுவாக ஒரு முறையும் வேகமாக ஒரு முறையும் தைத்து, பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். கணக்குப்படி ஒவ்வொன்றிலும் 50 தையல்கள் இருக்க வேண்டும். நெடுக்குக் கோடுகளில் இருந்தன. குறுக்குக் கோடுகளில் ஒன்றில் 38, இன்னொன்றில் 44, அதுவும் மெதுவாகத் தைத்தபோதே. என் வேகம் காரணமாக இருந்தால் மெதுவாகத் தைத்த கோடு தப்பியிருக்க வேண்டும். குனிந்து பார்த்தால், இடவல என்கோடரின் சிறு சக்கரம் தண்டவாளத்தைச் சரியாகத் தொடவே இல்லை; அதைத் தாங்கும் தகட்டின் திருகு தளர்ந்திருந்தது. சக்கரம் சுழலாத இடங்களில் இயந்திரம் தான் நகரவே இல்லை என்று எண்ணி ஊசியை இறக்காமல் இருந்திருக்கிறது. திருகை முடுக்கி, தண்டவாளத்தில் படிந்திருந்த பஞ்சுத்தூசியைத் துடைத்ததும் எண்ணிக்கை 50க்கு வந்தது. பொருத்தித் தந்தவர்கள் அன்றே பார்த்திருக்க வேண்டிய வேலை அது.

அதே நாளில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்ததில் பிரேம் பின்பக்கமாகச் சற்றுத் தாழ்ந்திருப்பதும் தெரிந்தது. கையை எடுத்தால் இயந்திரம் தானாகப் பின்னால் உருண்டதன் காரணம் அதுதான். கால்களின் அடித்திருகுகளைத் திருப்பி மட்டம் பார்க்க ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது.

நூலின் இழுவிசை வேறு கதை. ரெகுலேட்டர் இருப்பதால் நான் முன்பைவிட வேகமாக நகர்த்தத் தொடங்கியிருந்தேன். மேலே பார்த்தால் தையல் அத்தனை ஒழுங்கு. குயில்ட்டைக் கழற்றித் திருப்பினால் வளைவுகளின் அடியில் பாபின் நூல் கம்பிபோல் நேராகப் படுத்திருக்க, அதன் இருபுறமும் மேல்நூலின் கண்ணிகள் இமைமுடிபோல் நீட்டிக்கொண்டிருந்தன. கல்லூரிக்குப் போகும் என் அண்ணன் மகளுக்காகத் தைத்த குயில்ட்டில் இரண்டு வரிசைகளை முழுதாகப் பிரித்தேன். தைக்க நாற்பது நிமிடம், பிரிக்க இரண்டு மாலைப்பொழுது. முதலில் பாபின் உறையின் இழுவிசையை அளவுமானியால் அளந்து நிலைப்படுத்திக்கொண்டு, பிறகு மேல்நூலைச் சிறிது சிறிதாக இறுக்கினேன். அப்போதும் விரைவான வளைவுகளில் ஒன்றிரண்டு இமைமுடிகள் எஞ்சின. கை இழுக்கும் வேகத்தில் ஊசியே லேசாக வளைந்து, கொக்கி நூலைப் பிடிக்கும் இடத்திலிருந்து விலகுகிறது. 16 எண் ஊசியை எடுத்துவிட்டுச் சற்றுத் தடிமனான 18 எண் ஊசியைப் போட்டதும் அவையும் நின்றன. துணியைப் பறைபோல் இறுக்கி ஏற்றும் பழக்கத்தையும் கைவிட்டேன். அடியிலிருந்து விரலால் உயர்த்தினால் மேலிருந்து அந்த விரலைப் பிடிக்க முடிகிற அளவுக்குத் தளர்வு இருந்தால்தான் தையல் நன்றாக இறுகுகிறது.

இதைப் பார்க்க வருகிற நம்மவர்கள் எல்லோரும், கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது எளிதாயிற்றே என்பார்கள். கோலத்தில் கை தூக்கலாம், புள்ளி இருக்கிறது, மாவுக்கு எடையில்லை. இங்கே கையில் இருப்பது தன் போக்கில் ஓடப் பார்க்கிற கனமான இயந்திரம். வளைவுக்குள் நுழையும் முன்பே தோளைத் தளர்த்தி அதன் ஓட்டத்தைத் தணிக்க வேண்டியிருக்கிறது. ரெகுலேட்டர் தையலை ஒழுங்காக்கும், கோணலாகப் போட்ட வட்டத்தை ஒழுங்காக்காது. சீரான தையலில் கோணல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்பதுதான் வேடிக்கை.

இப்போது பொதுவாக அங்குலத்துக்கு 10 தையலும், மிகச் சிறிய சுழிகளுக்கு 12 தையலும் வைத்துக்கொள்கிறேன். 10 வைத்தால் சின்ன வளைவுகள் கோணங்களாக உடைந்து தெரிகின்றன. ஓரங்களைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க 4 போதும். ஒவ்வொரு குயில்ட்டையும் தொடங்குமுன், பக்கவாட்டில் மிச்சம் விடும் அடித்துணியில் பேட்டிங் துண்டு ஒன்றை வைத்து, 5 அங்குலக் கோடுகளைத் தைத்து எண்ணிப் பார்த்துவிடுகிறேன். சென்ற வாரம் ஒன்றில் 51 இருந்தது. மீண்டும் ஒரு முறை எண்ணினேன், 51தான். திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தைக்க உட்காராமல் நின்றபடியே தொடங்கிவிட்டேன்.