இன்செயினுக்கு 200 கியாட்

2018 டிசம்பரில் ரங்கூனில் சித்தப்பா வீட்டில் தங்கினேன். அப்பாவின் சித்தி மகன். 1964இல் எங்கள் குடும்பமே சென்னைக்குக் கப்பல் ஏறியபோது ஏறாமல் நின்றுவிட்ட ஒரே ஆள். காரணம் அவர் மனைவி, என் சித்தி. அவர் பர்மாவின் சிறுபான்மையினரான கரேன் இனத்துப் பெண். நன்றாகத் தமிழ் பேசுவார். 'ழ' மட்டும் வராது. அது எங்கள் தெருவிலும் பாதிப் பேருக்கு வராது.

ஷ்வேடகோன் பகோடா, தமிழர்கள் 1871இல் கட்டிய காளி கோயில் என்று இரண்டு நாள் சுற்றினேன். அத்தோ என்ற பர்மா நூடுல்ஸையும் தேடினேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய சென்னை வியாசர்பாடியில் வளர்ந்தவன் அதைத் தேடாமல் இருப்பானா? கடைக்காரர், "எதைப் பிசைய?" என்று திருப்பிக் கேட்டார். பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் பிசைந்தது என்று மட்டும்தான் பொருளாம். இத்தனை வருடமாக நாம் "பிசைந்தது ஒரு பிளேட்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் நாள், தாத்தாவின் அரிசிக் கடை இருந்த ரங்கூன் புறநகரான இன்செயினைப் பார்க்க வேண்டும் என்றேன். "அங்கே ஜெயிலைத் தவிர என்ன இருக்கிறது தம்பி?" என்றார் சித்தப்பா. சித்தி வரவில்லை. சோறும், அந்த ஊர் மீன் விழுதான ஙப்பியும் கட்டிக் கொடுத்து வாசலோடு நின்றுவிட்டார்.

நகரை வளைத்து ஓடும் சுற்று ரயிலுக்கு டிக்கெட் 200 கியாட், அந்த ஊர்ப் பணத்தில். கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்கள் காடை முட்டைகளைத் தலையில் சுமந்தபடி ஏறி இறங்கினார்கள். மூன்றாவது ஸ்டேஷன் தாண்டியதும் சித்தப்பா ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைக் காட்டினார்: "இதில்தான் நடந்து வந்தோம்."

1949 ஜனவரி 31. சித்தப்பாவுக்கு ஒன்பது வயது. அவருடைய அப்பா இன்செயின் ரயில்வே பணிமனையில் கூலி. கரேன் படையினர் ஊரைப் பிடித்துவிட்டார்கள் என்றதும் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே ரங்கூனுக்கு நடந்தன. தாத்தா மூட்டைகளை விட்டுவிட்டு அரிசி அளக்கும் படியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாராம். அந்தச் சண்டை மே மாதம் வரை நீண்டது. சுதந்திரம் கிடைத்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை; நாட்டின் பெரும்பகுதி கம்யூனிஸ்டுகளிடமும் கரேன்களிடமும் இன்னும் பலரிடமும் போய், பிரதமர் ஊ நூவின் ஆட்சியை 'ரங்கூன் அரசாங்கம்' என்று கேலி செய்யும் நிலை வந்திருந்தது.

இதை இனச் சண்டை என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. காலனி ராணுவத்துக்கு பிரிட்டிஷார் கரேன், கச்சின், சின் ஆட்களையே தேடித் தேடி எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் விடுதலைத் தலைவர் ஆங் சானின் படை முதலில் ஜப்பான் பக்கம் நின்றது. கரேன்கள் வெள்ளைக்காரர்களோடு காடேறினார்கள். போர் முடிந்து 1946இல் நான்கு கரேன் தலைவர்கள் தனி நாடு கேட்டு லண்டன் போனார்கள். உபசாரத்துக்குக் குறைவில்லை, கைக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு சண்டை மூண்டபோது பிரிட்டனும் நேருவின் இந்தியாவும் ரங்கூனுக்கு ஆயுதம் கொடுத்தன. அதே வேளையில் பழைய பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் கரேன்களுக்கு ஆயுதம் அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்தார்கள். இரு பக்கமும் விற்கும் வியாபாரம் என்று தாத்தா இதைத்தான் சொல்லியிருப்பார்.

எங்கள் வீட்டில் ராணுவ ஆட்சியாளர் நே வின் என்றால் 1964. கடைகளை அரசுடைமையாக்கியவன், சுமார் மூன்று லட்சம் இந்தியர்களை வெறுங்கையோடு அனுப்பியவன். அந்த ஆளை ராணுவத்தின் தலைமையில் உட்காரவைத்தது இன்செயின் என்பதை அன்று ரயிலில்தான் யோசித்தேன். அதுவரை தளபதி ஸ்மித் டன், ஒரு கரேன். கலகம் வெடித்த அந்த வாரமே அவரை விலக்கி நே வின்னை வைத்தார்கள்.

அந்த ராணுவத்தை ஊதிப் பெருக்கியதில் வெளியாருக்கும் பங்கு உண்டு. மாவோவிடம் தோற்ற சீனத் தேசியவாதிகளான கோமின்டாங் படை 1950இல் சீனாவின் யுன்னானிலிருந்து பர்மாவின் ஷான் மலைகளுக்குள் இறங்கியது. அதன் ஜெனரல் லீ மி, அங்கே மோங் சாட்டில் விமானதளம் அமைத்தார். அமெரிக்காவின் சி.ஐ.ஏ. வானத்திலிருந்து ஆயுதம் போட்டது. சீனாவைப் பின்பக்கமாகக் குத்தும் திட்டம். யுன்னானுக்குள் போனவர்கள் அடிபட்டுத் திரும்பி, பர்மாவிலேயே அபினி வியாபாரத்தோடு குடியேறினார்கள். யார் பக்கமும் சேர மாட்டேன் என்ற நாட்டின் கொல்லையில் அடுத்தவர் போர்! 1953இல் பர்மா, அமெரிக்க உதவியே வேண்டாம் என்று நிறுத்தச் சொல்லிவிட்டு ஐ.நா.வுக்குப் போனது. ஐ.நா. தீர்மானம் 'அந்நியப் படைகள்' என்று கண்டித்தது. யாருடைய படை என்று சொல்லவில்லை. அவர்களை விரட்டவும் உள்நாட்டுக் கலகங்களை அடக்கவும் வளர்ந்த ராணுவம்தான் 1962இல் நாட்டையே எடுத்துக்கொண்டது.

இன்செயினில் இறங்கி ஒரு மணி நேரம் தேடினோம். சித்தப்பா அரச மரம் ஒன்றை அடையாளம் வைத்திருந்தார். அந்த இடத்தில் செல்போன் கடை. ஜெயில் மதிலோரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து சித்தியின் சோற்றைத் தின்றோம். ஙப்பி காரம் கண்ணில் நீர் வரவழைத்தது.

"சித்தி ஏன் வரவில்லை?" என்று கேட்டேன்.

"அவள் அப்பா இந்த ஊரைப் பிடித்தவர்களில் ஒருவர்" என்றார். "வெள்ளைக்காரன் கொடுத்த மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டே சண்டைக்கு வந்தாராம். திரும்பிப் போகவில்லை."

ரங்கூன் திரும்பும் வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபையில், மியான்மரில் வன்முறையை நிறுத்தச் சொன்ன தீர்மானத்துக்கு 12 நாடுகள் ஆதரவளித்தன. சீனாவும் ரஷ்யாவும் ஒதுங்கின. நம் நாடும் அவர்களோடு ஒதுங்கியது. எல்லைக் கவலை, அங்கே இந்தியா எடுத்த கலாடன் துறைமுகத் திட்டம் என்று காரணங்கள் எனக்கும் தெரியும். தெரிந்தும் அன்று இரவு சித்தப்பாவுக்கு போன் செய்யக் கூச்சமாக இருந்தது.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. 18 முதல் 35 வயது ஆண்கள் எல்லோரும் பட்டியலில். சித்தப்பாவின் பேரனுக்கு 22. கரேன் கிராமங்கள் வழியாக நடந்து தாய்லாந்து எல்லையைக் கடந்துவிட்டான். வழியில் அவனைத் தமிழன் என்று யாரும் நினைக்கவில்லையாம். சித்தி போனை வாங்கி, "சின்ன வயதில் எங்கள் மொழி பேச மாட்டேன் என்று அடம் பிடிப்பான், தெரியுமா?" என்றார்.